சுந்தரபாண்டியத்தில் மறுவீடு

மாரிசெல்வியின் கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது, அவளைப் பெற்றவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் வந்து இறங்கியிருக்கிற சேதி ஒரு செல்போன் படமாக அவளிடம் வந்து சேர்ந்தது. ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் நூலின் தரம் பார்க்கும் பிரிவில் அவளுக்கு வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில், கூட வேலை பார்க்கும் நாகஜோதி போனை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். தேரடிப் பக்கம் நாலு கல்லூரிப் பெண்களுக்கு நடுவில் நடிகை சாருமதி நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். மாரிசெல்வி சோறு பிசைந்த கையோடு பார்த்துக்கொண்டே இருந்தாள். திரை அணைந்ததும் இடது கை விரலால் தொட்டு மறுபடி எரிய வைத்தாள்.

சாருமதி என்பது சினிமாவுக்கு வைத்த பெயர். ஊரில் அவள் சண்முகத்தாய். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அய்யனார் கோயில் மலையடிவாரத்தில் ஒரு படப்பிடிப்பு நடந்தது. கூட்டத்தில் உட்கார ஆள் வேண்டும் என்று தெருப் பெண்களை வேனில் ஏற்றிப் போனார்கள். ஒப்பாரி வைக்கிற காட்சி. பின்வரிசையில் இருந்த சண்முகத்தாயை டைரக்டர் முன்னால் கூட்டி வந்து உட்கார வைத்தார். மறுநாள் இரண்டு வரி வசனமும் கொடுத்தார். அதைப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தவள் போன மாதிரி வரவில்லை என்று மாரிசெல்வியின் அத்தை, அப்பாவுடன் பிறந்த கனகலட்சுமி, இன்றைக்கும் சொல்வாள். குரல் பதிவுக்கென்று சென்னைக்குக் கூப்பிட்டார்கள். அப்புறம் இன்னொரு படம். பத்து நாளில் வருகிறேன் என்று போவாள், ஒரு மாதம் ஆகும்.

அவள் புருஷன் இருளப்பசாமி எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக் கொடுக்கிற கடை வைத்திருந்தார். சத்தம் போடுகிற மனுஷர் இல்லை. கடையைப் பூட்டிவிட்டு அவரும் சென்னையில் மூன்று மாதம் இருந்து பார்த்தார். வடபழனியில் ஒருவரிடம் வேலைக்குக்கூட நின்றார். அந்த ஊர் அவருக்குச் சரிப்படவில்லை, திரும்பிவிட்டார். சண்முகத்தாய் திரும்பவில்லை. யாரும் யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் அங்கே, இவர் இங்கே என்று ஆகிப்போனது. ஆறு வயசுப் பிள்ளையை அத்தை வளர்த்தாள்.

நடுவில் அவள் வராமலும் இல்லை. மாரிசெல்வி வயசுக்கு வந்தபோது, சடங்கு முடிந்து பந்தல் பிரித்த மறுநாள் வந்து நின்றாள். ஹைதராபாத்தில் மழையில் மாட்டிக்கொண்டதாகச் சொன்னாள். அத்தை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிட்டாள். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த அன்று போன் பண்ணினாள். பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒரு போன். அவ்வளவுதான்.

ஆனால் டிவியில் அவள் வாரத்துக்கு இரண்டு தடவையாவது வருவாள். பெரிய பெரிய கதாநாயகர்களுக்கு அம்மாவாக அழுவாள். அழுவதற்கு முன்னால் மூக்கு நுனியைப் புறங்கையால் ஒரு தடவை தேய்ப்பாள். அந்தப் பழக்கம் மாரிசெல்விக்கும் உண்டு. வீட்டில் பார்த்து வந்ததா, டிவியில் பார்த்து வந்ததா என்று அவளுக்கே தெரியாது.

போனில் படம் பார்த்த அன்று சாயங்காலம் மாரிசெல்வி அப்பாவின் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். இருளப்பசாமி கையில் இருந்த செம்புக் கம்பியைச் சுற்றி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். கல்யாணப் பத்திரிகையில் 'இருளப்பசாமி – சண்முகத்தாய் தம்பதியரின் மகள்' என்று போட வேண்டும் என்று அவர்தான் பிடிவாதமாக நின்றார். அத்தை இரண்டு நாள் பேசவில்லை. அச்சடித்த பத்திரிகையைச் சண்முகத்தாய்க்கு அனுப்புவதா வேண்டாமா என்று மட்டும் யாரும் இதுவரை பேச்செடுக்கவில்லை.

"நீயே போய்க் குடுத்துட்டு வா" என்றார் அப்பா. "நான் வந்தா அவ என்னத்தப் பேசுவா, நான் என்னத்தப் பேச."

ஞாயிற்றுக்கிழமை மாரிசெல்வி மஞ்சள் தடவிய பத்திரிகையைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். இருபது நிமிஷப் பயணம்தான். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து லாட்ஜ் முழுவதையும் சினிமாக்காரர்கள் எடுத்திருந்தார்கள். வரவேற்பில் இருந்தவன் யார் என்று கேட்டான். "ராஜபாளையத்துல இருந்து மாரிசெல்வி வந்திருக்கேன்னு சொல்லுங்க, தெரியும்" என்றாள். சொல்லிவிட்டு, தெரியாமல் போனால் என்ன செய்வது என்று பயந்தாள். அவன் போனை வைப்பதற்குள் மாடிப்படியில் செருப்பில்லாத கால்கள் இறங்கி வருகிற சத்தம் கேட்டது.

சண்முகத்தாய் கடைசிப் படியில் நின்றாள். டிவியில் தெரிவதைவிடக் குள்ளமாக இருந்தாள். காதோரம் நரையை வெள்ளைச் சாயம் அடித்து இன்னும் கூட்டியிருந்தார்கள். கை நீட்டினாள், பிறகு வரவேற்பில் ஆள் இருப்பதைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டு, மேலே வரச் சொன்னாள்.

அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி. நாற்காலியில் படத்தில் கட்ட வேண்டிய கிழிசல் சேலை கிடந்தது. இருவரும் கட்டிலில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடம் இருந்தது. முதலில் சண்முகத்தாய் பட்டணத்துத் தமிழில்தான் பேசினாள். வேலை எப்படிப் போகிறது, மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று விசாரித்தாள். அதே மில்லில் எலக்ட்ரீஷியன், சேத்தூர்க்காரர், பெயர் சதீஷ் என்று மாரிசெல்வி சொன்னாள். பத்திரிகையை எடுத்துக் கொடுத்தாள். சண்முகத்தாய் கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாகப் படித்தாள். தன் பெயர் வந்த இடத்தில் விரலை வைத்தாள். அதற்குக் கீழே படிக்கவில்லை.

"இது யாரு போடச் சொன்னது?"

"அப்பாதான்."

அதற்குப் பிறகு அவள் பேச்சு ஊர்ப் பேச்சாகிவிட்டது. கல்யாண நாளைப் பார்த்தாள், விரல் விட்டு எண்ணினாள். அன்றைக்குக் காலையிலும் படப்பிடிப்பு இருந்தது. எப்படியும் நேரம் கேட்டு வாங்கி வந்துவிடுவேன் என்றாள். பிறகு, கேட்காமலேயே அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். இத்தனை வருஷமும் நாலு காட்சியில் அழுதுவிட்டுப் போகிற அம்மா. இந்தப் படத்தில் முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை அவள்தான். தனியாக நிலத்தை வைத்துப் பாடுபடுகிற ஒருத்தியின் கதை. கதாநாயகனே கிடையாது.

"படம் முழுக்க நான்தான்டி. ஐம்பது வயசுல எவன் குடுப்பான்? இதுக்காகத்தான் இம்புட்டு வருஷம் கெடந்தேன்" என்றாள். சொல்லும்போது அவள் முகம் சின்னப் பெண்ணின் முகம் மாதிரி ஆகிவிட்டது.

மாரிசெல்விக்கு அந்த முகத்தைப் பார்க்க ஆசையாக இருந்தது. தன்னைப் பற்றிப் பேசும்போது இந்த முகம் வருமா என்று பார்த்தாள். தலைமுடி எவ்வளவு நீளம் என்று அம்மா கேட்டாள். பின்னலை எடுத்து முன்னால் போட்டுக் காட்டினாள். சண்முகத்தாய் அதை நுனியிலிருந்து மேலே வரை நீவிப் பார்த்துவிட்டு, நல்லெண்ணெயா தேங்காய் எண்ணெயா என்றாள். தேங்காய் எண்ணெய் என்றாள் மாரிசெல்வி. அந்தக் கை இன்னும் கொஞ்ச நேரம் பின்னலில் இருக்கட்டும் என்று தலையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள். அதற்குள் மேக்கப்காரர் கதவைத் தட்டினார்.

கல்யாணம் ராஜபாளையத்து மண்டபத்தில். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். எட்டரைக்கு மேடையில் மாரிசெல்வி வந்து உட்கார்ந்தாள். அத்தை காலையிலிருந்து அவள் பக்கத்தை விட்டு நகரவில்லை. "வருவான்னு கண்ண வாசல்லயே வச்சிருக்காத" என்று இரண்டு தடவை காதோரம் சொல்லிவிட்டாள். சதீஷின் அம்மா பந்திக்குப் போகிறவர்களை நிறுத்தி, தாலி கட்டிய பிறகு சாப்பிடலாம் என்று உட்கார வைத்துக்கொண்டிருந்தாள். நாற்காலிகள் நிரம்பியிருந்தன.

ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால் சண்முகத்தாய் வந்தாள். சாதாரணக் கைத்தறிச் சேலை, முகத்தில் பவுடர்கூட இல்லை. தலையைக் குனிந்துகொண்டு ஓரமாகத்தான் வந்தாள். மூன்றாவது வரிசையைத் தாண்டுவதற்குள் யாரோ ஒரு பெண் சினிமாப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள். அவ்வளவுதான். நாற்காலிகள் பின்னால் நகர்கிற சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. சேத்தூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு போனார்கள். போன்கள் தலைக்கு மேலே உயர்ந்தன. கல்யாண வீடியோ எடுக்க வந்தவரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார். மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். ஐயர் கையில் அட்சதையோடு, இப்போது ஆரம்பிக்கவா வேண்டாமா என்று இருளப்பசாமியைப் பார்த்தார்.

மேடையில் மாரிசெல்வியும் சதீஷும் அத்தையும் ஐயரும்தான் மிச்சம் இருந்தார்கள். அவளுக்கு முன்னால் முதுகுகளாகத் தெரிந்தன. அத்தனை முதுகுகளுக்கும் அப்பால் அம்மாவின் முகம் தெரிந்தது. ஒவ்வொருவருக்கும் சிரித்துக்கொண்டே, தோளில் கை போடுகிறவர்களுக்குத் தோளைக் கொடுத்துக்கொண்டே, அவள் மேடையை எட்டி எட்டிப் பார்த்தாள். ஒரு தடவை இருவர் கண்ணும் சந்தித்தன. மாரிசெல்வி வா என்று தலையசைத்தாள். தன்னை அறியாமல் பாதி எழுந்தேவிட்டாள். அத்தை தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

அதன் பிறகு நடந்தது அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. கூட்டம் மெதுவாக வாசல் பக்கம் நகர்ந்தது. நடுவில் அம்மா இருப்பது தலைகளின் அசைவில்தான் தெரிந்தது. அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, போனில் எடுத்த படத்தை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டே நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அப்பா கடைசியாக வந்து அவள் பின்னால் நின்றார். மேளம் மறுபடி ஆரம்பித்தது. மண்டபமே மேடையைப் பார்த்தது. சதீஷ் தாலி கட்டினான். எல்லாம் நேரத்துக்கு முறைப்படி நடந்தது. வந்தவர்கள் ஷூட்டிங் இருக்கிறதாம், பாவம், என்றார்கள். அத்தை உதட்டைப் பிதுக்கிவிட்டுப் பந்திப் பக்கம் போனாள்.

சாப்பாடு முடிந்து மண்டபம் காலியான பிறகு மாரிசெல்வி அப்பாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டாள். இருளப்பசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"'நான் இருந்தா இவிய எல்லாரும் என்னையவே பாத்துக்கிட்டு நிப்பாவ. இன்னைக்கு எல்லாரும் அவளத்தான் பாக்கணும். நான் போறேன்'ன்னா. நான் இருன்னுதான் சொன்னேன் தாயி."

மாரிசெல்வி தலையாட்டினாள். அம்மா சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. மேடையில் உட்கார்ந்து பார்த்தவளுக்கு அது தெரியும். இருந்தும் நெஞ்சு ஆறவில்லை. ஹைதராபாத் மழையும் நல்ல காரணம்தான். போவதற்கும் வராமல் இருப்பதற்கும் அம்மாவிடம் எப்போதும் ஒரு நல்ல காரணம் இருந்தது. ஒரு தடவையாவது காரணமே இல்லாமல், எல்லாரும் திட்டத் திட்ட, அவள் நின்றிருக்கக் கூடாதா என்று இருந்தது. மண்டபத்தின் பின்பக்கம் பாத்திரம் கழுவுகிற இடத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். சதீஷ் எங்கே போனாய் என்று கேட்கவில்லை. கழுத்து மாலையை வாங்கி வைத்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தான்.

மூன்றாம் நாள் அப்பா வீட்டுக்கு மறுவீடு வந்தார்கள். அத்தை ஆட்டுக்கறிக் குழம்பும் கோலா உருண்டையும் செய்து மாப்பிள்ளையைத் திணறடித்தாள். மறுநாள் காலையில் சேத்தூருக்குத் திரும்ப வேண்டும். பைக்கில் ஏறுகிற சமயம் மாரிசெல்வி சதீஷிடம், இன்னும் ஒரு வீடு பாக்கி இருக்கிறது என்றாள். யார் வீடு என்று கேட்டான்.

"எங்க அம்மா வீட்டுக்கு மறுவீடு போவணும்."

"அவியளுக்கு இங்க ஏது வீடு?"

"அவிய எங்க இருக்காவளோ அங்க."

சதீஷ் கொஞ்சம் யோசித்தான். பிறகு பைக்கைச் சேத்தூர் பக்கம் போகிற சாலையில் திருப்பாமல் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சாலைக்குத் திருப்பினான்.

லாட்ஜில் எல்லாரும் சுந்தரபாண்டியத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஊருக்கு வெளியே சோளக்காட்டு ஓரம் வேன்கள் வரிசையாக நின்றன. கயிறு கட்டி ஆட்களை நிறுத்தியிருந்தார்கள். தயாரிப்பு நிர்வாகி தனுஷ்கோடி என்பவர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று, யாரும் உள்ளே வரக்கூடாது என்றார். மாரிசெல்வி தான் சாருமதியின் மகள் என்றாள். அவர் சிரித்தார். காலையிலிருந்து இரண்டு பேர் தங்கை என்று சொல்லிக்கொண்டு வந்தார்களாம். அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். பட்டுச்சேலையையும் புது மஞ்சள் கயிற்றையும் பார்த்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே போனார்.

சண்முகத்தாய் கிழிசல் சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகியபடி, கையிலும் காலிலும் சேறோடு, வரப்பு வழியாக வந்தாள். பாதி வழி வரை ஓடிவந்து, பிறகு நடந்து வந்தாள். பக்கத்தில் வந்ததும் சேற்றுக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"மறுவீடு வந்திருக்கோம்மா" என்றாள் மாரிசெல்வி.

சண்முகத்தாய் சேற்றுக் கையைச் சேலையில் துடைத்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். வேன்கள், விளக்குகள், தட்டோடு வரிசையில் நிற்கிற ஆட்கள். மருமகனை உட்கார வைக்க ஒரு பாய்கூட அங்கே இல்லை. பிறகு அவள் சுறுசுறுப்பானாள். தனுஷ்கோடியிடம் அரை மணி நேரம் கேட்டாள். அவர் டைரக்டரிடம் போய் வந்து இருபது நிமிஷம் என்றார். சோளக்காட்டுக்காரர் வீட்டுப் பெண்ணிடம் போய் இரண்டு வாழை இலை வாங்கி வந்தாள். வேப்பமரத்தடியில் ஒரு தார்ப்பாயை அவளே உதறி விரித்தாள். யூனிட் சாப்பாட்டுப் பாத்திரங்களிலிருந்து சோறும் சாம்பாரும் அவரைக்காய்ப் பொரியலும் அப்பளமும் கொண்டுவந்து, கையைக் கழுவிவிட்டு, குனிந்து குனிந்து பரிமாறினாள். சாப்பாட்டுக்காரர் பெட்டியிலிருந்து எங்கிருந்தோ இரண்டு லட்டு கிடைத்தது. சதீஷ் கூச்சத்தில் இலையைப் பார்த்தபடி இருந்தான். அவனை "மருமவன்" என்றுதான் கூப்பிட்டாள். சோறு வைக்கும்போது போதும் என்று அவன் கையால் மறித்தான்.

மாரிசெல்வி மறிக்கவில்லை. அவள் எவ்வளவு சாப்பிடுவாள் என்று சண்முகத்தாய்க்குத் தெரியாது. ஒரு கரண்டி வைத்தாள், முகத்தைப் பார்த்தாள், இன்னொரு கரண்டி வைத்தாள். மூன்றாவதும் வைத்தாள். மாரிசெல்வி அத்தனை சோற்றையும் சாப்பிட்டாள்.

"அன்னைக்கு நான் கெளம்புனது ஒனக்கு வருத்தமாடி?" என்று சண்முகத்தாய் கேட்டாள். இலையைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"வருத்தந்தான்."

"எனக்கும் வருத்தந்தான். மண்டபத்துக்கு எதுத்தாப்ல கார நிறுத்தச் சொல்லி உள்ளயே உக்காந்திருந்தேன். கெட்டிமேளம் கேட்டுச்சு. பொறவுதான் கெளம்புனேன்."

மாரிசெல்வி பொரியலைத் தள்ளித் தள்ளி வைத்தாள். அப்பாவுக்கு இது தெரியுமா என்று யோசித்தாள். சென்னைக்கு வா, நாலு நாள் என்கூட இரு என்று அம்மா சொன்னாள். மாரிசெல்வி லீவு கிடைத்தால் வருகிறேன் என்றாள். லீவு கிடைக்கும்போது அம்மா சென்னையில் இருப்பாளா என்பது இருவருக்கும் தெரியாது. இருந்தாலும் எந்த ரயில் வசதி, எழும்பூரில் யார் வந்து கூட்டிப்போவார்கள் என்று எல்லாம் பேசி வைத்தார்கள். சண்முகத்தாய் மகளின் நெற்றியில் வழிந்த வியர்வையைத் தன் கிழிசல் முந்தானையால் துடைத்துவிட்டாள். தூரத்திலிருந்து ஒருவர் ஷாட் ரெடி என்று கூப்பிட்டார்.

சண்முகத்தாய் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டார்கள்.

"போங்கம்மா" என்றாள் மாரிசெல்வி.

"நீ இருப்பியா?"

"செத்த நேரம் இருக்கேன்."

கயிற்றுக்கு உள்ளேயே, கேமராவுக்குப் பின்னால் ஓரமாக அவர்களுக்கு இரண்டு நாற்காலி போட்டார் தனுஷ்கோடி. காட்சி பெரிதாக ஒன்றுமில்லை. சோளத்தட்டைக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் வரப்பில் தனியாக நடந்து வர வேண்டும், கிணற்றுப் பக்கம் வந்ததும் ஒரு தடவை திரும்பிப் பார்க்க வேண்டும். வசனம் கிடையாது. முதல் தடவை மேகம் மறைத்துவிட்டது. இரண்டாவது தடவை கால் வழுக்கிற்று. மூன்றாவது தடவை அவள் நடந்து வந்தபோது, சுற்றி நின்ற அத்தனை பேரும் பேச்சை நிறுத்தினார்கள். கட்டின் பாரத்தில் கழுத்து உள்ளே இறங்கியிருந்தது. கிணற்றுப் பக்கம் நின்று திரும்பிப் பார்த்தாள். பார்த்த இடத்தில் யாரும் இல்லை, வெறும் காடுதான். மாரிசெல்வி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். தனக்குக் கிடைக்காத அத்தனை வருஷமும் எங்கே போயிருக்கிறது என்று இப்போது கண்ணால் பார்த்தாள். அது வீணாய்ப் போகவில்லை என்று தெரிந்தது. அதனால் அவளுக்கு ஆறுதலாக இருந்ததா, இன்னும் ஏக்கமாக இருந்ததா என்று பிரிக்க முடியவில்லை.

டைரக்டர் கைதட்டினார். ஓகே என்றார். ஆட்கள் விளக்கை நகர்த்தப் போனார்கள். சண்முகத்தாய் தலையிலிருந்து கட்டை இறக்காமல் அப்படியே நின்று, இன்னொரு தடவை போகட்டுமா என்று கேட்டாள். நல்லாத்தானே வந்தது என்றார் டைரக்டர். இல்லை, இன்னும் ஒன்று என்றாள் அவள். இதைவிட நன்றாகச் செய்ய முடியும் என்று தோன்றியதாலா, மகள் பார்த்துக்கொண்டிருப்பதாலா என்று மாரிசெல்விக்குத் தெரியவில்லை. சண்முகத்தாய் திரும்பி வரப்பின் அந்தக் கோடிக்கு நடக்க ஆரம்பித்தாள்.

சதீஷ் மணியைப் பார்த்தான். சேத்தூரில் அவன் அம்மா காத்திருப்பாள், கிளம்பலாமா என்று மெதுவாகக் கேட்டான்.

"இன்னொரு தடவ நடந்து வாராவ" என்றாள் மாரிசெல்வி. "பாத்துட்டுப் போவோம்."